காணாமல் கண்டவர்

கே. எஸ். கிருஷ்ணன் இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தார். 1928இல் கொல்கத்தாவில் இராமன் விளைவைக் கண்டறிவதில் சர் சி. வி. இராமனுக்குத் துணைநின்றார். பின்னர் டாக்கா பல்கலைக்கழகத்தில், மெல்லிய இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தங்களுக்கிடையே அது திரும்பும் அளவைக் குறித்தார். அவ்வளவைக் கொண்டே, கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூறுகள் படிகத்தினுள் எத்திசை நோக்கி அமைந்துள்ளன என்று கணித்தார். தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக விளங்கிய அவர், 1961இல் மறைந்தார்.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 1981இல், ஊசிமுனையால் பரப்பைத் தடவி அறியும் நுண்ணோக்கி உருவாயிற்று. இன்று அது ஒற்றை மூலக்கூறைக் காட்டுகிறது. சுவிட்சைப் போல அதனை நிலைமாற்றவும் செய்கிறது. வித்துராவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தில் மூலக்கூறுகளை ஆராய்வோருக்கும் கிருஷ்ணனின் வாழ்க்கை வழிகாட்டும்: கருவி வாராத காலத்திலும் சிந்தனை காத்திருப்பதில்லை.