தமிழவேள் கோ. சாரங்கபாணி: பிரிந்தவரைச் சேர்த்த பெருந்தகை

மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறையை அறியாத தமிழ் மாணவர் நம்மில் இலர். ஆனால், அத்துறையில் தமிழ் தலைநிமிர்ந்து நிற்கப் போராடியவரை எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

1903ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்த இவர், 1924இல் சிங்கப்பூர் வந்து கணக்கராகப் பணியில் அமர்ந்தார். அன்றைய தமிழர்கள் ஒரே கப்பலில் வந்திறங்கியும் ஒன்றாக வாழவில்லை. சாதி, சமயம், ஊர் எனப் பிரிந்து கிடந்தனர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயா வந்தது சீர்திருத்த எண்ணத்திற்கு உரமூட்டியது. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் தூண்களுள் ஒருவரானார் சாரங்கபாணி. 1935 ஜூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' வார இதழாக மலர்ந்தது. விலை ஒரு காசுதான்! ஏழைத் தொழிலாளியும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

பேசியதை வாழ்ந்தும் காட்டினார். சீனக் குடும்பத்துப் பெண்ணைத் துணைவியாக ஏற்றார்.

தொடக்கத்தில் சமயச் சடங்குகளைச் சாடிய இயக்கத்தில் நின்றவர், சாடுவதால் மட்டும் சமுதாயம் ஒன்றுபடாது என்பதைக் காலப்போக்கில் உணர்ந்தார் எனலாம். 1952இல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாளைத் தொடக்கி வைத்தார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமின்றித் தமிழ் பேசுவோர் அனைவரும் ஒரே மேடையில் கூடினர். அவ்விழா மலாயாவெங்கும் பரவியது.

அதே காலக்கட்டத்தில் இன்னொரு சோதனை வந்தது. சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் அமையவிருந்த இந்திய ஆய்வியல் துறையில் சமஸ்கிருதத்திற்கே முதன்மை தர வேண்டும் என்ற பரிந்துரை எழுந்தது. இங்கு வாழும் இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழராயிற்றே! முரசு ஓங்கி ஒலித்தது. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டப்பட்டது. பால்மரம் வெட்டிய கைகளும் மூட்டை சுமந்த தோள்களும் தம்மால் இயன்றதை அளித்தன. 1956இல் தமிழை முதன்மையாகக் கொண்டு துறை பிறந்தது. திரண்ட நிதி அதன் நூலகத்திற்குப் பயன்பட்டது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு இடம் மாறியது.

1950களில் குடியுரிமை பெறுமாறு தமிழரை ஓயாது வற்புறுத்தியவரும் இவரே. வாழும் மண்ணில் உரிமை இல்லாதவன் மொழிக்கும் உரிமை கேட்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். 1974இல் அவர் மறைந்தார். 'தமிழ் முரசு' இன்றும் வெளிவருகிறது.

பொங்கல் வந்தால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கரும்பும் பானையும் குவிகின்றன. நம் வளாகத்திலும் விழா எடுக்கிறோம். அதில் முஸ்லிம் தோழரும் கிறிஸ்தவத் தோழியும் உரிமையோடு வந்து நிற்கிறார்களா? தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பில்லாமல், தமிழைப் பேச மட்டுமே அறிந்த நண்பருக்கு நம் மேடையில் இடமுண்டா? தமிழவேளுக்கு மாலை சூட்டுவதைவிட, இக்கேள்விகளுக்கு விடை காண்பதே நாம் செய்யும் உண்மையான நன்றிக்கடன்.