எடி ஷோர்

எடி ஷோர் (நவம்பர் 25, 1902 – மார்ச் 16, 1985) கனடாவைச் சேர்ந்த புகழ்பெற்ற பனி ஹாக்கி ஆட்டக்காரரும், அமெரிக்க ஹாக்கி லீக்கைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு இந்தியன்ஸ் அணியின் நெடுங்கால உரிமையாளரும் ஆவார். பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக 1926 முதல் 1940 வரை தற்காப்பு ஆட்டக்காரராக விளையாடினார். தேசிய ஹாக்கி லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கு வழங்கப்படும் ஹார்ட் விருதை நான்கு முறை பெற்றவர். தற்காப்பு ஆட்டக்காரர் வேறெவரும் இவ்விருதை இத்தனை முறை பெற்றதில்லை. களத்தில் இவர் காட்டிய முரட்டுத்தனமும், பின்னர் தம் அணி வீரர்களை நடத்திய முறையும் இவரை ஹாக்கி வரலாற்றில் பெரிதும் விவாதிக்கப்படும் மனிதராக்கின.

இளமைக் காலம்

ஷோர் இன்றைய சஸ்காச்சுவான் மாகாணத்திலுள்ள ஃபோர்ட் குவாப்பெல் என்னும் ஊரில் பிறந்தார். அப்போது அப்பகுதி தனி மாகாணமாக உருவாகியிருக்கவில்லை. கியூப்பார் என்ற சிற்றூரை அடுத்த பண்ணையில் வளர்ந்த இவர், குதிரைகளையும் கால்நடைகளையும் பராமரிக்கும் வேலைகளில் ஈடுபட்டு உடல் வலிமை பெற்றார். வின்னிப்பெக் நகரில் வேளாண்மைக் கல்லூரியில் படித்த காலத்திலேயே ஹாக்கி ஆட்டத்தில் தீவிரமாக இறங்கினார். மெல்வில் நகர அணியில் ஆடிய பின்னர், 1924-25 பருவத்தில் ரெஜைனா கேப்பிட்டல்ஸ் அணியிலும், அடுத்த பருவத்தில் எட்மன்டன் அணியிலும் தொழில்முறை ஆட்டக்காரராக விளையாடினார். எதிரணியின் எல்லைக்குள் விரைவுத் தொடர்வண்டியைப் போலப் பாய்ந்து செல்லும் இவரது ஆட்டம், எட்மன்டன் எக்ஸ்பிரஸ் என்ற பட்டப்பெயரைப் பெற்றுத் தந்தது.

பாஸ்டன் புரூயின்ஸ் அணியில்

மேற்குக் கனடாவின் தொழில்முறை லீக் 1926 இல் கலைக்கப்பட்டபோது அதன் வீரர்கள் பலர் தேசிய ஹாக்கி லீக் அணிகளுக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவரான ஷோர், பாஸ்டன் புரூயின்ஸ் அணியில் சேர்ந்தார். தற்காப்பு ஆட்டக்காரர் தம் எல்லையிலேயே நின்று தடுப்பது வழக்கமாயிருந்த காலத்தில், தாமே பக்கை எடுத்துக்கொண்டு எதிரணியின் கோல் வரை செல்லும் முறையை இவர் பின்பற்றினார். பாஸ்டன் அணி 1929 இல் தனது முதல் ஸ்டான்லி கோப்பையை வென்றதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1939 இல் அணி இரண்டாம் முறையாகக் கோப்பையை வென்றபோதும் இவர் அணியில் இருந்தார்.

1929 சனவரியில் நடந்த ஒரு நிகழ்வு இவரைப் பற்றிய கதைகளுள் மிகவும் அறியப்பட்டது. மான்ட்ரியால் நகருக்கு அணி புறப்பட்ட தொடர்வண்டியை ஷோர் தவறவிட்டார். நண்பர் ஒருவர் கொடுத்துதவிய காரில், கடும் பனிப்புயலுக்கு நடுவே, பெரும்பகுதித் தொலைவைத் தாமே ஓட்டிக்கொண்டு மறுநாள் மான்ட்ரியால் போய்ச் சேர்ந்தார் என்று கூறப்படுகிறது. குளிரால் மரத்த கைகளோடு அன்றிரவே களமிறங்கிய இவர் அடித்த ஒரே கோலால் பாஸ்டன் அணி மான்ட்ரியால் மரூன்ஸ் அணியை வென்றது.

ஏஸ் பெய்லி நிகழ்வு

1933 டிசம்பர் 12 அன்று பாஸ்டன் நகரில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில் ஷோர் தடுக்கி விழ நேர்ந்தது. எழுந்த ஷோர், ஏஸ் பெய்லி என்ற டொராண்டோ வீரரைப் பின்புறமிருந்து மோதி வீழ்த்தினார். பெய்லியின் தலை பனித்தளத்தில் மோதி மண்டையோடு உடைந்தது. உடனே டொராண்டோ வீரர் ரெட் ஹார்னர் ஷோரைக் குத்தி வீழ்த்த, அவரும் தலையில் அடிபட்டு நினைவிழந்தார். பெய்லிக்கு மூளையில் அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டன. சில நாட்கள் அவர் பிழைப்பாரா என்பதே ஐயமாக இருந்தது. இறுதியில் உயிர் பிழைத்தாலும் அவரால் மீண்டும் விளையாட இயலவில்லை.

ஷோர் 16 ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார். 1934 பிப்ரவரி 14 அன்று பெய்லிக்கு நிதி திரட்டுவதற்காக டொராண்டோ அணிக்கும், பிற அணிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களுக்கும் இடையே சிறப்பு ஆட்டம் ஒன்று நடந்தது. ஆட்டத்திற்கு முன் பெய்லியும் ஷோரும் பனித்தளத்தில் கைகுலுக்கியபோது அரங்கம் ஆரவாரித்தது. இந்நிகழ்வுக்குப் பின் ஷோர் தலைக்கவசம் அணிந்து விளையாடினார். அக்காலத்தில் வீரர்கள் தலைக்கவசம் அணிவது அரிது.

ஸ்பிரிங்ஃபீல்டு இந்தியன்ஸ்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர அணி 1926 இல் தொடங்கப்பட்டது. தேசிய ஹாக்கி லீக்கிற்கு அடுத்த நிலையிலுள்ள லீக்குகளில் அது ஆடி வந்தது. ஷோர் 1939 இல் 42,000 டாலருக்கு அந்த அணியை வாங்கினார். ஒரே நேரத்தில் பாஸ்டன் அணியின் வீரராகவும் ஸ்பிரிங்ஃபீல்டு அணியின் உரிமையாளர், ஆட்டக்காரர் ஆகியவராகவும் இருக்க முயன்றது முரண்பாட்டுக்கு வழிவகுத்தது. 1940 சனவரியில் பாஸ்டன் அணி இவரை நியூயார்க் அமெரிக்கன்ஸ் அணிக்கு மாற்றியது. அப்பருவத்துடன் தேசிய ஹாக்கி லீக்கிலிருந்து விலகிய ஷோர், தம் சொந்த அணியில் 1942 வரை விளையாடினார்.

இரண்டாம் உலகப் போரின்போது அணியின் அரங்கம் அமெரிக்க இராணுவத்தின் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதால் அணி 1942 முதல் 1946 வரை செயல்படவில்லை. அக்காலத்தில் ஷோர் தம் வீரர்களைப் பஃபலோ பைசன்ஸ் அணிக்கு அனுப்பினார். அந்த அணி 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஹாக்கி லீக்கின் கால்டர் கோப்பையை வென்றது. போருக்குப் பின் ஸ்பிரிங்ஃபீல்டு அணி மீண்டும் தொடங்கப்பட்டது. 1951 இல் சிராக்கியூஸ் நகருக்குச் சென்ற அணி 1954 இல் ஸ்பிரிங்ஃபீல்டுக்கே திரும்பியது.

அணியின் பொற்காலம் 1960 இல் தொடங்கியது. 1960, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து கால்டர் கோப்பையை இந்தியன்ஸ் அணி வென்றது. இச்சாதனையை வேறெந்த அணியும் நிகழ்த்தியதில்லை. பில் சுவீனி, ஜிம் ஆண்டர்சன், பிரையன் கில்ரியா, கோல்காப்பாளர் மார்செல் பையே ஆகியோர் அந்த அணியின் முக்கிய வீரர்களாவர்.

பயிற்சி முறையும் நிர்வாகமும்

பனிச்சறுக்கில் உடல் சமநிலையே ஹாக்கியின் அடிப்படை என்பது ஷோரின் கொள்கை. முழங்கால்களை மடித்து, கால்களை உரிய இடைவெளியில் வைத்து, மட்டையை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும் என்று வற்புறுத்துவார். இதற்காக வீரர்களை நடனப் பயிற்சி செய்ய வைத்தார். பனித்தளத்தில் அடிக்கடி கீழே விழும் கோல்காப்பாளர்களைக் கயிற்றால் கோல் கம்பத்தில் கட்டிவைத்துப் பயிற்சி அளித்ததாகவும் வீரர்கள் பின்னாளில் கூறியுள்ளனர். காயம்பட்டோ வாய்ப்பின்றியோ ஆடாதிருக்கும் வீரர்கள், அரங்க இருக்கைகளுக்கு வண்ணம் பூசுதல், மின்விளக்கு மாற்றுதல், சோளப்பொரி விற்றல் போன்ற வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தது.

ஷோர் சிக்கனத்திலும் பெயர் பெற்றவர். ஊதியம் குறித்து வீரர்களுடன் ஓயாது வாதிட்டார். சிறு குறைகளுக்கும் அபராதம் விதித்தார். தேசிய ஹாக்கி லீக்கில் ஆறு அணிகள் மட்டுமே இருந்த காலம் அது. மேல்நிலை வாய்ப்புகள் மிகச் சிலவே. ஒப்பந்த விதிகளின்படி வீரரின் உரிமை அணியிடமே இருந்ததால், ஷோர் விட்டுக்கொடுக்காத வரை ஒரு வீரர் வேறு அணிக்குப் போக இயலாது. எனவே ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அனுப்பப்படுவதை வீரர்கள் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்படுவதற்கு ஒப்பிட்டனர். ஆயினும், சறுக்கும் கலையை ஷோரிடமே கற்றதாக அவர்களுள் சிலர் ஒப்புக்கொண்டதும் உண்டு.

1966-67 வேலைநிறுத்தம்

1966 டிசம்பரில் பில் வைட், டேல் ரால்ஃப், டேவ் அமேடியோ ஆகிய மூன்று தற்காப்பு ஆட்டக்காரர்களை, அக்கறையின்றி ஆடியதாகக் கூறி, ஷோர் ஊதியமின்றி இடைநீக்கம் செய்தார். இதை எதிர்த்து அணியின் பிற வீரர்கள் களமிறங்க மறுத்தனர். வீரர்களுக்குச் சங்கம் இல்லாத அக்காலத்தில் இது துணிவான செயலாகும். ஷோர் நினைத்தால் அவர்களது தொழிலையே முடித்துவிட இயலும்.

வீரர்கள் டொராண்டோ வழக்கறிஞர் ஆலன் ஈகிள்சனின் உதவியை நாடினர். இளம் வீரர் பாபி ஓர் சார்பில் பாஸ்டன் அணியுடன் ஒப்பந்தம் பேசி அவர் அப்போதுதான் அறியப்பட்டிருந்தார். 1967 சனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. ஷோர் அணியின் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகினார். இந்த வெற்றி பிற அணிகளின் வீரர்களுக்கும் நம்பிக்கையூட்டியது. அதே ஆண்டு சூன் மாதம் தேசிய ஹாக்கி லீக் வீரர்கள் சங்கம் உருவானது. ஈகிள்சன் அதன் முதல் செயல் இயக்குநரானார். எனினும், வீரர்களின் பணத்தை மோசடி செய்த குற்றத்துக்காக அவரே 1998 இல் சிறை சென்றார்.

தேசிய ஹாக்கி லீக் 1967 இல் பன்னிரண்டு அணிகளாக விரிவடைந்தது. புதிய அணியான லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு வீரர்களின் உரிமைகளைப் பெற்றது. நெடுநாள் வாய்ப்பின்றி இருந்தவர்களுக்கு இது புதுவாழ்வாக அமைந்தது. கிங்ஸ் அணியின் வரலாற்றில் முதல் கோலை அடித்தவர் கில்ரியா ஆவார். பில் வைட் 1972 இல் சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான தொடரில் கனடாவுக்காக ஆடினார்.

பிற்காலம்

ஸ்பிரிங்ஃபீல்டு அணி 1967 முதல் கிங்ஸ் என்ற பெயரில் ஆடியது. 1974-75 பருவத்தின் நடுவில் ஷோரின் பொறுப்பில் இந்தியன்ஸ் என்ற பழைய பெயருக்குத் திரும்பிய அணி, அப்பருவத்திலேயே கால்டர் கோப்பையை வென்றது. 1976 இல் ஷோர் அணியை விற்றார். 1985 மார்ச் 16 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் காலமானார். அணி 1990, 1991 ஆகிய ஆண்டுகளிலும் கோப்பையை வென்று, 1994 இல் வூஸ்டர் நகருக்கு இடம் பெயர்ந்தது.

விருதுகளும் சிறப்புகளும்

• ஸ்டான்லி கோப்பை: 1929, 1939
• ஹார்ட் விருது: 1933, 1935, 1936, 1938
• தேசிய ஹாக்கி லீக் நட்சத்திர முதல் அணியில் ஏழு முறை இடம்
• ஹாக்கி புகழவை உறுப்பினர்: 1947
• லெஸ்டர் பாட்ரிக் விருது: 1970
• இவர் அணிந்த 2 ஆம் எண்ணைப் பாஸ்டன் அணி வேறு வீரர்களுக்கு வழங்குவதில்லை.
• அமெரிக்க ஹாக்கி லீக்கின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது எடி ஷோர் விருது எனப்படுகிறது.