நாய்களுக்குத்தான் முதலில் ஊசி போட நினைத்தார் லூயி பாஸ்டர்: ரேபிஸ் தடுப்பூசி பிறந்த கதை

ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலம் தாண்டி சிங்கப்பூர் போக உங்களுக்கு பாஸ்போர்ட் வேண்டும். கூடவே உங்க நாயோ பூனையோ வரணும்னா, இறக்குமதி அனுமதியும் ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி போட்ட பதிவும் வேண்டும். அந்த ஊசியின் கதை தொடங்குவது லூயி பாஸ்டரிடம். 'பாஸ்டரைஸ்டு' என்று பால் பாக்கெட்டில் பார்ப்பீர்களே, அதே பாஸ்டர்தான்.

1822 டிசம்பர் 27 அன்று பிரான்சின் டோல் நகரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடுபவர். வளர்ந்தது ஆர்புவா என்ற சிற்றூர். அவருக்கு 8 வயது இருக்கும்போது, 1831இல், வெறிபிடித்த ஓநாய் ஒன்று அந்த வட்டாரத்தில் பலரைக் கடித்தது. அன்றைய சிகிச்சை என்ன தெரியுமா? கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவது.

பாஸ்டர் டாக்டர் இல்லை, வேதியியலாளர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 5 பிள்ளைகளில் 3 பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். 1868இல், 45 வயதில், பக்கவாதம் வந்து இடப்பக்கம் பாதிக்கப்பட்டது. அவருடைய தடுப்பூசி வேலை எல்லாமே அதுக்குப் பிறகுதான். அதுவும் விலங்குகளிடமிருந்துதான் தொடங்கியது: முதலில் கோழிகளுக்கு வரும் காலரா, அப்புறம் 1881இல் ஆடு மாடுகளுக்கு வரும் ஆந்த்ராக்ஸ்.

அடுத்து ரேபிஸ். கிருமியை அன்றைய மைக்ராஸ்கோப்பில் பார்க்கவே முடியாது. ஆனாலும் நோய் தாக்கிய முயலின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர வைத்தால், நாளாக ஆக அதன் வீரியம் குறைவதை அவரும் எமில் ரூவும் கண்டார்கள். மிகவும் பலவீனமானதில் ஆரம்பித்து, படிப்படியாக வீரியமானதை ஊசியில் ஏற்றினார்கள். நாய்கள் தாக்குப்பிடித்தன. 1884இல் அரசுக் குழுவும் இதைச் சோதித்துப் பார்த்தது.

அவருடைய முதல் திட்டம் ரொம்ப எளிமையானது. நாய்களுக்கு நோய் வராவிட்டால் மனிதர்களுக்கும் வராது. ஆனா கணக்கு உதைத்தது. பாரிஸில் மட்டும் லட்சத்துக்கும் மேல் நாய்கள், ஒவ்வொன்றுக்கும் பல ஊசிகள். அத்தனை முயலுக்கு எங்கே போவது? அதனால் திட்டத்தை மாற்றினார். கடிபட்ட பிறகு நோய் மூளையை எட்ட வழக்கமாகப் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் மனிதருக்கு ஊசி போட்டால் என்ன?

1885 ஜூலை 6 அன்று, நாய் பல இடங்களில் கடித்த 9 வயது ஜோசப் மைஸ்டரை அவனுடைய அம்மா அழைத்து வந்தார். டாக்டர் இல்லாததால் பாஸ்டர் ஊசியைத் தொட முடியாது. டாக்டர் கிராஞ்சே போட்டார், மொத்தம் 13 ஊசிகள். பையன் பிழைத்தான். அதே ஆண்டு, கடிபட்டு ஒரு மாதத்துக்கும் மேல் ஆன பிறகு வந்த லூயிஸ் பெலெத்தியே என்ற சிறுமியைக் காப்பாற்ற முடியவில்லை.

கதையின் இன்னொரு பக்கமும் இருக்கு. பல்லாண்டுகள் வெளியே வராமல் இருந்த பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளை 20ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் படித்தார்கள். மைஸ்டருக்குப் பயன்படுத்திய அதே முறையை அதற்கு முன் நாய்களிடம் போதுமான அளவு சோதிக்கவில்லை என்று தெரியவந்தது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அதை அனுமதிக்காது. அவரை மகான் ஆக்கும் பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை, சொல்லணும்.

1888இல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறந்தது. தமிழகத்தின் குன்னூரிலும் அவர் பெயரில் ஒன்று 1907இல் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1895 செப்டம்பர் 28 அன்று இறந்துவிட்டார். அந்தத் தேதிதான் இப்போது உலக ரேபிஸ் தினம்.

கைவிட்ட அந்த நாய்த் திட்டம்? 1920களில் ஜப்பான் நாய்களுக்குப் பெரிய அளவில் ஊசி போடத் தொடங்கியது. ஓர் ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டால் நோய்ப் பரவல் அறுந்துவிடும் என்பது இன்று உலகம் பின்பற்றும் கணக்கு. மலேசியாவில் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017இல் சரவாக்கிலும் ரேபிஸ் தலைகாட்டியது.

ஜொகூரில் இருக்கும் உங்களுக்கு அது தூரமாகத் தெரியலாம். அறிகுறி தெரிந்த பிறகு இந்நோய்க்கு இன்றும் மருந்தில்லை. நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் வழக்கமாக 3 மாத வயதில் முதல் ரேபிஸ் ஊசி. அடுத்தது எப்போது என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். குடற்புழு, உண்ணிக்கு மருந்து தனி, இந்த ஊசி அதைத் தடுக்காது. கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே கிளினிக் போங்க.