அஜந்தாவைக் கண்ட அம்ரிதா

பாரிஸ் நகரில் தங்கப் பதக்கம் பெற்ற இளம் பெண், அந்தப் புகழை அங்கேயே விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினார். ஏழே ஆண்டுகளில் இந்திய ஓவியக் கலைக்குப் புதிய பாதை வகுத்து மறைந்தார். அவர்தான் அம்ரிதா ஷெர்கில்.

அம்ரிதா 1913-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியப் பிரபு. வடமொழியும் பாரசீகமும் கற்றவர். தாயார் ஹங்கேரி நாட்டுப் பாடகி. 1921-ல் குடும்பம் சிம்லாவில் குடியேறியது. மகளின் ஓவியத் திறமையைக் கண்ட பெற்றோர், 1929-ல் அவரைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றனர்.

பாரிசில் பதக்கம்

அங்கே அரசு கலைக் கல்லூரியில் லூசியன் சிமோன் என்ற ஆசிரியரிடம் பயின்றார். 1932-ல் அவர் தீட்டிய "இளம் பெண்கள்" என்ற ஓவியம் மறு ஆண்டு தங்கப் பதக்கம் பெற்றது. அப்போது அவருக்கு வயது 20.

ஆனால் பதக்கத்தைவிடப் பெரிய செல்வம் ஒன்றும் அவருக்குக் கிடைத்தது. செசான், கோகான் ஆகியோரின் ஓவியங்களே அவை. கண்ணால் கண்டதை அச்சாக வரைவது மட்டும் ஓவியம் அல்ல. வேண்டாதவற்றை நீக்கி, உருவத்தையும் வண்ணத்தையும் சுருக்கமாக, அழுத்தமாகச் சொல்வதே ஓவியம் என்பதை அவற்றில் கண்டார். தமது தூரிகைக்கு உரிய இடம் இந்தியாவே என்ற எண்ணம் வலுத்தது. 1934-ம் ஆண்டு இறுதியில் தாயகம் திரும்பினார்.

இங்கே வரவேற்பு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1935-ல் சிம்லா கண்காட்சிக்கு அனுப்பிய ஓவியங்களில் சிலவற்றை நிராகரித்துவிட்டு, ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். அம்ரிதா அந்தப் பரிசை ஏற்க மறுத்துவிட்டார். பம்பாய்க் கலைச் சங்கமோ 1937-ல் "மூன்று பெண்கள்" ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. எனினும் அவரது ஓவியங்களை விலை கொடுத்து வாங்கியவர்கள் மிகச் சிலரே.

தெற்கு நோக்கி

1936-ம் ஆண்டு இறுதியில் அவர் தென்திசைப் பயணம் மேற்கொண்டார். அஜந்தா குகைச் சுவர்கள் அவரைத் திகைக்க வைத்தன. பாரிசில் புதுமை என்று போற்றப்பட்ட சுருக்கமும் அழுத்தமும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே இருக்கக் கண்டார். ஐரோப்பாவின் புதிய கலையைப் பயின்றதால்தான் இந்தியாவின் பழைய கலை தமக்கு விளங்கியது என்றே அவர் கருதினார்.

அந்நாளில் வங்காள ஓவியர்கள் பலர் அஜந்தா பாணியைப் பின்பற்றி வந்தனர். அவர்கள் அதன் தோற்றத்தை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டார்கள் என்பது அம்ரிதாவின் குறை. அவர் அஜந்தாவையும் நகல் எடுக்கவில்லை, பாரிசையும் நகல் எடுக்கவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும், குமரிமுனையையும் கண்டு சிம்லா திரும்பியவர், "மணமகள் அலங்காரம்", "பிரம்மச்சாரிகள்", "சந்தைக்குச் செல்லும் தென்னிந்திய கிராமத்தினர்" என்ற மூன்று பெரிய ஓவியங்களைத் தீட்டினார். கறுத்த மேனியும், வெள்ளை வேட்டியும், எளிய மக்களின் மௌனமும் அவற்றில் கம்பீரம் பெற்றன.

முடியாத ஓவியம்

1938-ல் ஹங்கேரியில் தமது உறவினரான டாக்டர் விக்டர் ஈகனை மணந்தார். அடுத்த ஆண்டு இந்தியா திரும்பி, கோரக்பூர் அருகே சராயா கிராமத்தில் வசித்தார். அங்கே மொகலாய, பகாரி சிற்றோவியங்களின் வண்ணங்களில் ஈடுபட்டார். 1941-ல் லாகூருக்குக் குடிபெயர்ந்தார். கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது திடீரென நோயுற்று, டிசம்பர் 5-ந் தேதி காலமானார். வயது 28.

வாழ்ந்த காலத்தில் வாங்குவோர் இல்லாத அவரது ஓவியங்களை, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாத தேசியக் கலைச் செல்வங்களாகப் பின்னாளில் அரசு அறிவித்தது. பெரும் பகுதி டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. 1937-ல் வரைந்த "கதை சொல்பவர்" 2023 செப்டம்பரில் 61 கோடியே 80 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனது. அதுவரை எந்த இந்திய ஓவியமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை.

லாகூர் வீட்டு மாடியிலிருந்து கண்ட எருமைகளையும் வீடுகளையும் அவர் கடைசியாக வரைந்துகொண்டிருந்தார். அந்த ஓவியம் முற்றுப்பெறவில்லை.