வே. ச. அசரியா

வேதநாயகம் சாமுவேல் அசரியா (ஆகஸ்டு 17, 1874 – ஜனவரி 1, 1945) ஆங்கிலிக்கத் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் ஆவார். தமிழரான இவர் தெலுங்கு பேசும் ஏழை மக்களிடையே, ஐதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்த தோர்ணக்கல்லில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். ஞானஸ்நானம் பெற்றவரின் விசுவாசம் அவர் நாள்தோறும் கடைப்பிடிக்கும் ஒழுங்கில் தெரிய வேண்டும் என்பது இவரது பணியின் அடிப்படையாக இருந்தது.

இளமை

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமக் குருவானவர். அவர் காலமான பின்னர் தாய் எலனின் கண்டிப்பில் வளர்ந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார்; ஆனால் பட்டம் பெறவில்லை. (கல்லூரி அப்போது நகரின் நடுவே இருந்தது, தாம்பரத்துக்கு 1937 இல்தான் இடம்பெயர்ந்தது.) 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியராகத் தென்னிந்தியாவில் பயணம் செய்தார்.

1902 இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தாமே ஊழியச் சங்கம் ஒன்றை நடத்தி வருவதைக் கண்டார். அதன் விளைவாக 1903 இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது அதன் விதி. பிறர் உதவியில் வாழும் சபை தன் விசுவாசத்துக்குத் தானே பொறுப்பேற்பதில்லை என்று இவர் கருதினார்.

தோர்ணக்கல்

1909 இல் குருப்பட்டம் பெற்று, அச்சங்கத்தின் பணித்தளமான தோர்ணக்கல்லுக்குச் சென்று தெலுங்கு கற்றார். 1910 இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளை மிஷனரிகள் இந்திய ஊழியரைச் சமமான நண்பராக நடத்துவதில்லை என்று வெளிப்படையாகப் பேசியது அவையில் சலசலப்பை உண்டாக்கியது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

இவரது மறைமாவட்டத்தில் கிறித்தவரானோர் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் தாழ்த்தப்பட்ட சாதியினர். எழுத்தறியாத விவசாயக் கூலிகள். ஆகவே விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவை வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்டன. குடி, கடன், அசுத்தம், நோய் ஆகிய நான்கையும் எதிர்ப்பது மதப் போதனையின் பகுதியாகவே அமைந்தது. பெண்கள் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென எடுத்து வைத்தனர். பசித்த வீட்டில் பிடி அரிசி சிறிய காணிக்கை அன்று. வறியவரும் கொடுக்கக் கடமைப்பட்டவரே என்பதில் அசரியா விட்டுக்கொடுக்கவில்லை. கிறித்தவக் கொடை பற்றி நூலும் எழுதினார். ஒருவரோடொருவர் உண்ணாத அவ்விரு சாதியாரும் ஒரே நற்கருணைப் பந்தியில் அமர வேண்டும் என்பதே இவ்வொழுங்குகளில் மிகக் கடினமானது. சாதி உணர்வு முற்றிலும் மறையவில்லை.

1935 அளவில் மறைமாவட்டத்தில் சுமார் 250 இந்தியக் குருமாரும் 2,000 க்கு மேற்பட்ட கிராம ஆசிரியரும் இருந்தனர்.

காந்தியுடன் கருத்து வேறுபாடு

தாழ்த்தப்பட்டோரின் கூட்டு மதமாற்றம் உண்மையான மனமாற்றமாகாது என்று காந்தி 1930களில் வாதிட்டார். ஏழைக்கும் தன் சமயத்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் உரிமையும் உண்டு என்பது அசரியாவின் நிலை. தம் கிராமத்தாரின் மாறிய வாழ்க்கையை அவர் சான்றாகக் காட்டினார். அதேவேளை கிறித்தவருக்குத் தனித்தொகுதி வழங்குவதை இவர் எதிர்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இறுதி ஆண்டுகள்

1938 டிசம்பரில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பங்கேற்றார். இந்து, இசுலாமியக் கட்டடக் கூறுகளைக் கொண்ட தோர்ணக்கல் பேராலயம் 1939 இல் அர்ப்பணிக்கப்பட்டது. இவர் 1919 இல் தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து உழைத்த சபை ஐக்கியம், இவர் மறைந்த பின்னர், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது.