மூளை மருத்துவ மேதை இராமமூர்த்தி

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர். அந்தச் சிரசில் அடிபட்டால் என்ன நேரும் என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலேயே கண்டேன். தேனிச் சாலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த என் தாத்தா உயிர் பிழைத்தார். ஆனால் என் பெயரை மறந்துவிட்டார். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டார். பொறுமையிழந்து நான் எரிந்து விழுந்தேன். அதன் பின்னரே மருத்துவர் பி. இராமமூர்த்தியின் வரலாற்றைப் படித்தேன்.

இவர் 1922-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். தந்தையார் அரசு மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1947-இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். இங்கிலாந்திலுள்ள நியூகாசில் நகரில் மூளை அறுவை மருத்துவம் கற்றார்.

தாயகம் திரும்பியவர், 1950 அக்டோபரில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வேலூரில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி, நாட்டின் முதல் மூளை அறுவை மருத்துவத் துறையை நிறுவியிருந்தார். 1951-இல் இவ்விருவரும் வேறு இரு மருத்துவர்களும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தைச் சென்னையில் தோற்றுவித்தனர்.

அந்நாளில் உலகில் எங்குமே மூளையைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் கருவி இல்லை. அது 1971-இல்தான் வந்தது. ஆகவே மருத்துவருக்கு நோயாளியே புத்தகம். பெயர் என்ன, இன்று என்ன கிழமை, கையிலிருக்கும் பொருள் எது என்று பொறுமையாகக் கேட்பர். கணக்குப் போடச் சொல்வர். பெரும்பாலோர்க்குப் பேச்சை ஆள்வது மூளையின் இடப்பக்கம். வலக்கையை இயக்குவதும் அதுவே. எனவே பேச்சுக் குழறி வலக்கையும் சோர்ந்தால், பழுது இடப்பக்கத்தில் இருக்கலாம் என்று உணர்வர்.

இவருக்கு 1973-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அரசுப் பணி ஓய்வுக்குப் பின்னும் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் தொண்டு செய்தார். 2003 டிசம்பர் 13-ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாறு எனக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. தாத்தாவின் மறதி அவர் குற்றமன்று. அது காயத்தின் அடையாளம். மருத்துவர்கள் பொறுமையாகக் கேட்ட அதே கேள்விகளைத்தான் தாத்தா என்னிடம் கேட்கிறார். இப்போது அவர் எத்தனை முறை கேட்டாலும் என் பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன்.

அன்புத் தோழியரே! நாளைக் காலை அப்பா வண்டியை எடுக்கும்போது, மறவாமல் தலைக்கவசத்தை அவர் கையில் கொடுங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவி, பெரியகுளம்