ஷிகார்பூரில் கொல்லப்பட்ட அல்லாஹ் பக்ஷ் சூம்ரோ

முஸ்லிம்கள் எல்லோருமே பிரிவினை கேட்டார்கள் என்று சொல்வோருக்கு நாம் காட்ட வேண்டியவர் அல்லாஹ் பக்ஷ் சூம்ரோ. சிந்து மாகாணத்தின் பிரதமராக இருமுறை இருந்தவர். 1940 ஏப்ரலில் டெல்லியில் கூடிய ஆசாத் முஸ்லிம் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிப் பிரிவினையை எதிர்த்தார். 1942இல் ஆங்கிலேயர் தந்த கான் பகதூர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆளுநர் அவரைப் பதவிநீக்கம் செய்தார்.

1943 மே 14 அன்று, ஷிகார்பூரில் குதிரை வண்டியில் சென்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். முஸ்லிம் லீக் தலைவர் அய்யூப் குஹ்ரோ மீது கொலை வழக்கு நடந்தது. நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பின்னாளில் அவர் சிந்துவின் முதலமைச்சரானார்.

வீண் சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. விடுதலையானவர் மீது பழி சுமத்த நமக்கு உரிமையில்லை. கொல்லப்பட்டவரை மறந்துவிடவும் உரிமையில்லை. மறைவானவற்றை அல்லாஹ்வே அறிந்தவன். சூம்ரோவின் பிழைகளைப் பொறுத்து, அவரது மறுமையை அவன் சிறப்பாக்குவானாக.